ரவுட்டிங் மென்பொருளில் ஓர் எண்ணுக்கு எத்தனை பிட் ஒதுக்குவது?

தரவு எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்று ரவுட்டர்கள் தம்முள் பேசி முடிவு செய்யும் விதிகளே ரவுட்டிங் நெறிமுறை. அதைச் செயல்படுத்தும் நிரலில் ஒரே எண் மூன்று இடங்களில் வாழ்கிறது. கம்பி வழியே செல்லும் பாக்கெட்டில் அது ஒரு புலம். ரவுட்டரின் நினைவகத்தில் அது லட்சக்கணக்கான பதிவுகளுள் ஒன்றின் உறுப்பு. பாதையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் அது கூட்டப்படுகிற, கழிக்கப்படுகிற, ஒப்பிடப்படுகிற மதிப்பு. இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே அகலம் போதும் என்று எண்ணி, நெறிமுறை ஆவணத்தில் "16 பிட்" என்று பார்த்தவுடன் நிரல் முழுவதும் 16 பிட் மாறிகளை நிரப்பிவிடுவதுதான் இத்துறையில் நான் மிகுதியாகக் காணும் தவறு. ஆகவே, எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள்: பாக்கெட்டில் இதன் அகலம் என்ன, நினைவகத்தில் இதன் படிகள் எத்தனை, கணக்கில் இது எவ்வளவு பெரிதாக வளரக்கூடும்? கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சி மொழியை மனத்தில் கொண்டவை. பேர்ட், எஃப்ஆர்ஆர் போன்ற பரவலான திறமூல ரவுட்டிங் மென்பொருள்கள் அம்மொழியில் எழுதப்பட்டவை என்பதும், முழு எண்களின் அகலம் தொடர்பான பொறிகள் அம்மொழியில்தான் அதிகம் என்பதும் அதற்குக் காரணங்கள்.

பாக்கெட்டின் அகலம் உங்கள் கையில் இல்லை

பாக்கெட்டைப் படிக்கும், எழுதும் இடத்தில் நெறிமுறை சொன்ன அகலத்தை அப்படியே பின்பற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே சி மொழியின் வெறும் இன்ட், லாங் வகைகளைப் பயன்படுத்தவே கூடாது. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட்டாகவும், 64 பிட் விண்டோஸில் அதே லாங் 32 பிட்டாகவும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் சி தரம் கொண்டுவந்த, அகலத்தைத் தம் பெயரிலேயே தாங்கிய 8, 16, 32, 64 பிட் வகைகள் இதற்காகவே இருக்கின்றன. 24 பிட் புலம், எம்பிஎல்எஸ் முறையில் பாக்கெட்டுக்கு வழிகாட்ட ஒட்டப்படும் லேபிளின் 20 பிட் புலம், ஒரே வலையமைப்பைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கும் விலான் எண்ணின் 12 பிட் புலம் ஆகியவற்றை அடுத்த பெரிய வகையில் வைத்துக்கொண்டு, எழுதும் முன் வரம்பைச் சரிபாருங்கள். சி மொழியின் பிட் புலங்களை பாக்கெட் வடிவத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். பிட்களின் வரிசையை மொழித்தரம் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது.

பாக்கெட்டிலிருந்து எடுத்த பிறகு அந்த எண்ணை எந்த அகலத்தில் வைத்திருப்பது என்பது வேறு கேள்வி. இதற்கு ஏஎஸ் எண்ணைவிடத் தெளிவான பாடம் கிடையாது. இணையத்தின் வலையமைப்புகள் ஒன்றோடொன்று பாதைகளைப் பகிரப் பயன்படுத்தும் பிஜிபி நெறிமுறையில் ஒவ்வொரு தன்னாட்சி வலையமைப்புக்கும் வழங்கப்படும் ஏஎஸ் எண் தொடக்கத்தில் 16 பிட்டாக, அதாவது 65535 வரை மட்டுமே இருந்தது. இணையம் வளர்ந்து அந்த எண்கள் தீரும் நிலை தெரிந்ததும், 2007-இல் வந்த தரம் அதை 32 பிட்டாக விரித்தது. பழைய ரவுட்டர்களுக்கு 32 பிட் எண் புரியாது என்பதால், அவற்றிடம் பேசும்போது பெரிய எண்ணின் இடத்தில் 23456 என்ற ஒதுக்கப்பட்ட எண்ணை வைத்து, உண்மையான பாதையைத் தனிப் பண்புக்கூறு ஒன்றில் சுமந்து செல்லும் ஏற்பாடு தேவைப்பட்டது. நிரலுக்குள் ஏஎஸ் எண்ணுக்கென்று ஒரே ஒரு வகைப்பெயரை வரையறுத்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தியவர்கள் ஒரு வரியை மாற்றிவிட்டு, பாக்கெட்டைப் படிக்கும் பகுதியைத் திருத்தினால் போதும் என்ற நிலையில் இருந்தார்கள். 16 பிட் வகையை நேரடியாக நூறு இடங்களில் எழுதியவர்கள், அவற்றுள் எது ஏஎஸ் எண், எது போர்ட் எண், எது நீளம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. எனவே அகலம் எதுவாயினும், பொருளுடைய ஒவ்வோர் எண்ணுக்கும் தனி வகைப்பெயர் கொடுங்கள்.

இந்த விரிவாக்கம் பக்கத்தில் இருந்த இன்னொரு புலத்தையும் இடித்தது. பிஜிபி கம்யூனிட்டி என்பது பாதையோடு ஒட்டி அனுப்பப்படும் குறிச்சொல்; 1996-இல் வரையறுக்கப்பட்ட 32 பிட் மதிப்பு. வழக்கப்படி முதல் 16 பிட்டில் ஏஎஸ் எண்ணும் அடுத்த 16 பிட்டில் அந்த வலையமைப்பு தானே பொருள் தரும் எண்ணும் இருக்கும். ஏஎஸ் எண் 32 பிட் ஆனபோது அது முதல் பாதியில் அடங்கவில்லை. மூன்று 32 பிட் எண்களால் ஆன பெரிய கம்யூனிட்டி 2017-இல்தான் தரமாகியது. ஒரு புலத்தின் அகலத்தை முடிவு செய்யும்போது, அதன் துணுக்கு வேறெந்தப் புலத்துக்குள் செருகப்படுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மனிதர் தட்டச்சிடும் உள்ளமைவுக் கோப்பும் பாக்கெட்டைப் போலவே வெளியிலிருந்து வருவதுதான். ஆனால் அதற்கு அதே கவனம் கிடைப்பதில்லை. 2009 பிப்ரவரி 16 அன்று செக் குடியரசைச் சேர்ந்த ஒரு வலையமைப்பு, தன் ஏஎஸ் எண்ணான 47868-ஐ 252 முறை அடுக்கிய பாதை ஒன்றை உலகுக்கு அறிவித்தது. பிஜிபியில் பாதை என்பது கடந்து வந்த ஏஎஸ் எண்களின் பட்டியல்; குறுகிய பட்டியலே பொதுவாக விரும்பப்படும். பாதையை நீளமாகக் காட்டுவதற்காக ஏஎஸ் எண்ணைத் திரும்பச் சேர்ப்பது வழக்கம்தான் என்றாலும், ஒருவர் இரண்டு மூன்று முறை சேர்ப்பாரே தவிர 252 முறை சேர்க்கமாட்டார். பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட விளக்கம் இது: அந்த ரவுட்டரின் மென்பொருள் எத்தனை முறை சேர்க்க வேண்டும் என்ற எண்ணிக்கையைக் கேட்ட இடத்தில், பொறியாளர் ஏஎஸ் எண்ணையே தட்டச்சிட்டிருக்கிறார், மென்பொருளோ அதை மறுக்காமல் கடைசி 8 பிட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. 47868-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 252. அந்தப் பாதை வேறு ரவுட்டர்களை அடைந்து, அங்கே மேலும் சில எண்கள் சேர்ந்து நீளம் 255-ஐத் தாண்டியபோது, ஏஎஸ் பாதைத் துண்டின் நீளப் புலம் 8 பிட் மட்டுமே என்பதைச் சரிவரக் கையாளாத இன்னொரு மென்பொருள் பிழையான செய்திகளை உருவாக்கியது. பிஜிபி இணைப்புகள் அறுந்து மீண்டும் உருவாகி, உலகின் பல பகுதிகளில் பாதைகள் நிலையற்றுத் தவித்தன.

இதில் 8 பிட் என்ற அகலம் தவறன்று. எண்ணிக்கைக்கு 8 பிட் தாராளம். வாசித்த எண்ணை நேரே 8 பிட்டில் இட்டதுதான் தவறு. மனிதர் தரும் எண்ணை எப்போதும் 64 பிட்டில் வாசியுங்கள், அனுமதிக்கப்பட்ட வரம்போடு ஒப்பிடுங்கள், பொருந்தாவிட்டால் தெளிவான செய்தியுடன் மறுத்துவிடுங்கள், அதன் பின்பே சிறிய வகைக்கு மாற்றுங்கள். அனுப்பும் பக்கத்திலும், ஒரு துண்டு 255 ஏஎஸ் எண்களை எட்டியதும் புதிய துண்டைத் தொடங்கும் நிரல்பகுதி இருந்தாக வேண்டும்.

கூட்டும் இடத்தில் ஒரு படி அகலமாக

இணைப்பின் செலவு, அதாவது அதன் வழியே செல்வது எவ்வளவு விரும்பத்தகாதது என்பதைக் காட்டும் அளவு, சிறிய எண். பாதையின் செலவு பல இணைப்புகளின் கூட்டுத்தொகை. ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் பாதை தேடும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் ஓர் இணைப்பின் செலவு 16 பிட், அதாவது 65535 வரை. அதே நெறிமுறையில் பகுதிகளுக்கு இடையே அறிவிக்கப்படும் பாதையின் செலவு 24 பிட்; அதன் உச்ச மதிப்பான 1,67,77,215 "அடைய முடியாது" என்று பொருள்படும். இணைப்பின் செலவை 16 பிட்டில் சேமிக்கலாம். ஆனால் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிடும் இடத்தில் கூட்டுத்தொகை 32 பிட்டில் இருக்க வேண்டும்.

ஓஎஸ்பிஎஃப் போன்றே பணிபுரியும் ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறை இதில் காட்டும் நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய வடிவத்தில் இணைப்பின் செலவு 6 பிட், பாதையின் மொத்தச் செலவு 1023 வரை. பெரிய வலையமைப்புகளுக்கு இது போதாமல், இணைப்புக்கு 24 பிட் தரும் அகன்ற வடிவம் வந்தது. அப்போது பாதையின் செலவை 32 பிட்டில் வைத்துக் கணக்கிடுவார்கள் என்று கருதிய தரத்தின் ஆசிரியர்கள், அதன் உச்ச வரம்பை 32 பிட்டின் கடைசி எண்ணாக வைக்காமல் 426,14,12,864 என்று நிர்ணயித்தார்கள். இது 2-இன் 32-ஆம் அடுக்கிலிருந்து 2-இன் 25-ஆம் அடுக்கைக் கழித்தால் வருவது. வரம்பில் நிற்கும் ஒரு பாதையோடு 24 பிட் இணைப்புச் செலவு எதைக் கூட்டினாலும் விடை 32 பிட்டுக்குள்ளேயே அடங்கும். ஆகவே முதலில் கூட்டிவிட்டு, பிறகு வரம்போடு ஒப்பிட்டு, மிஞ்சினால் வரம்பாகவே வைத்துக்கொள்ளலாம். கூட்டுமுன் சோதிக்க வேண்டிய தேவையே எழவில்லை. உங்கள் சொந்த அளவைகளுக்கும் இதே முறையைக் கையாளுங்கள்: உச்ச வரம்புக்கும் வகையின் விளிம்புக்கும் இடையே குறைந்தது ஒரு முழு இணைப்பின் இடைவெளி விடுங்கள்.

இதைச் செய்யாதபோது நேர்வது மோசமானது. எல்லாப் பிட்டும் ஒன்றாக உள்ள மதிப்பை "எட்டாத இடம்" என்று வைத்துக்கொண்டு, அதோடு 1 கூட்டினால், குறியற்ற (எதிர்ம மதிப்பு இல்லாத) எண்ணில் விடை பூஜ்ஜியம். எட்டவே முடியாத இடம் அக்கணமே ஆகச் சிறந்த பாதையாக மாறிவிடும்.

இடைக்கணக்கிலும் இதே கவனம் வேண்டும். ஓஎஸ்பிஎஃப் செலவு பல மென்பொருள்களில் ஒப்பீட்டுக்கென நிர்ணயித்த ஒரு வேகத்தை இணைப்பின் வேகத்தால் வகுத்துப் பெறப்படுகிறது. நொடிக்கு இத்தனை பிட் என்று வேகத்தை 32 பிட் மாறியில் வைத்தால், 10 கிகாபிட் இணைப்பு, அதாவது ஆயிரம் கோடி, அதில் அடங்காமல் 141,00,65,408 ஆகச் சுருங்கும். 10 கிகாபிட் இணைப்பு 1.4 கிகாபிட் போலத் தோன்றும். நிரல் விழாது, எச்சரிக்கை வராது, போக்குவரத்து மட்டும் வேறு வழியில் போகும். பிட்டிலோ பைட்டிலோ அளக்கும் எந்த வேகத்தையும் 64 பிட்டில் வையுங்கள்.

வரிசை எண்களும் ஒப்பிடும் முறையும்

இணைப்பு நிலையைப் பரப்பும் நெறிமுறைகளில், இரண்டு செய்திகளுள் எது புதியது என்று வரிசை எண் சொல்கிறது. இங்கே அகலத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் போதாது. அந்த எண்கள் வட்டமாகச் சுற்றுகின்றனவா, நேர்க்கோட்டில் முடிகின்றனவா என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பு 1980 அக்டோபர் 27 அன்று பல மணி நேரம் செயலிழந்தது. அதில் ரவுட்டிங் செய்திகளின் வரிசை எண் 6 பிட். 63-க்குப் பின் மீண்டும் 0. வட்டத்தில் பாதித் தொலைவுக்குள் முன்னால் இருப்பது புதியது என்பது ஒப்பீட்டு விதி. வன்பொருள் கோளாற்றால் பிட்கள் உதிர்ந்து, ஒரே கணுவிடமிருந்து வந்ததாக 44, 40, 8 என்ற எண்களுடைய மூன்று செய்திகள் ஒரே நேரத்தில் உலாவின. இருமத்தில் எழுதினால் 101100, 101000, 001000. ஒவ்வொன்றிலும் முந்தையதன் ஒரு பிட் காணாமல் போயிருப்பது கண்ணுக்கே தெரியும். விதிப்படி 40-ஐவிட 44 புதியது, 8-ஐவிட 40 புதியது, 44-ஐவிட 8 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்த, ஒவ்வொரு கணுவும் அவற்றை "புதிய செய்தி" என்று ஏற்று மீண்டும் மீண்டும் பரப்பிக்கொண்டே இருந்தது.

இன்றைய ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பு 32 பிட் குறியுள்ள எண்ணை நேர்க்கோடாகப் பயன்படுத்துகிறது: மிகச் சிறிய எதிர்ம எண்ணுக்கு அடுத்ததில் தொடங்கி மிகப் பெரிய நேர்ம எண்ணில் முடிகிறது, உச்சத்தை எட்டினால் பழைய செய்தியை வலையமைப்பிலிருந்து அகற்றிவிட்டுத்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே செய்தியை 5 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி இருப்பதால், இடைவிடாமல் புதுப்பித்தாலும் அந்த எண்கள் தீர 680 ஆண்டுகள் ஆகும். இதைக் குறியற்ற வகையில் சேமித்து அப்படியே ஒப்பிட்டால் புதியதும் பழையதும் இடம் மாறிவிடும்.

குறி பற்றிய எச்சரிக்கை எதிர்த்திசையிலும் பொருந்தும். ஐபி முகவரியும் ரவுட்டர் அடையாள எண்ணும் குறியற்ற 32 பிட் எண்கள். பிஜிபியில் மற்றவை யாவும் சமமாக இருக்கும்போது சிறிய அடையாள எண்ணுடைய ரவுட்டர் வெல்லும். குறியுள்ள வகையில் வைத்தால் 192 என்று தொடங்கும் முகவரி எதிர்ம எண்ணாகி, 10 என்று தொடங்குவதைவிடச் சிறியதாகிவிடும். குறியற்ற 32 பிட் வகை இல்லாத ஜாவாவில் இதற்கென உள்ள குறியற்ற ஒப்பீட்டுச் சார்பைப் பயன்படுத்த வேண்டும். வலையமைப்பின் பைட் வரிசையிலிருந்து கணினியின் பைட் வரிசைக்கு மாற்றாமல் ஒப்பிட்டாலும் இதே வகைத் தவறு நேரும்.

நீளமும் மாஸ்க்கும்

ஒரு முகவரித் தொகுதியைக் குறிக்கும் முன்னொட்டின் (முகவரியின் தொடக்கப் பிட்களின்) நீளம் ஐபி நான்காம் பதிப்பில் 0 முதல் 32 வரை, ஆறாம் பதிப்பில் 128 வரை. சேமிக்க 8 பிட் போதும். ஆனால் அதிலிருந்து மாஸ்க் (முன்னொட்டுப் பிட்கள் மட்டும் ஒன்றாக உள்ள எண்) செய்யும் வரியில் ஒரு குழி இருக்கிறது. எல்லாப் பிட்டும் ஒன்றான 32 பிட் எண்ணை, 32-இலிருந்து நீளத்தைக் கழித்த அளவுக்கு இடப்பக்கம் நகர்த்துவது வழக்கமான முறை. நீளம் பூஜ்ஜியமானால் 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்த வேண்டும். அதற்கு சி மொழித்தரம் எந்த விடையும் வரையறுக்கவில்லை. இன்டெல் வகைச் செயலிகள் நகர்த்தும் அளவின் கடைசி 5 பிட்டை மட்டுமே பார்ப்பதால், நகர்த்தல் நடக்காமல் மாஸ்க் முழுவதும் ஒன்றாகவே நின்றுவிடலாம். அதாவது உலகம் முழுவதையும் குறிக்க வேண்டிய இயல்புப் பாதை ஒரே ஒரு முகவரியைக் குறிக்கும். பூஜ்ஜியத்தைத் தனியே கையாளுங்கள், அல்லது 64 பிட்டில் நகர்த்திவிட்டுக் கீழ் 32 பிட்டை எடுங்கள்.

இதன் உடன்பிறப்பு ஒன்று, நான்கு பைட்களைச் சேர்த்து முகவரி உருவாக்கும் இடத்தில் இருக்கிறது. 8 பிட் பைட்டை 24 இடம் நகர்த்தும்போது சி மொழி அதை முதலில் குறியுள்ள இன்ட் ஆக மாற்றிக்கொள்கிறது. பைட் 128 அல்லது அதற்கு மேல் எனில் விடை அந்த வகையில் அடங்காது. நகர்த்தும் முன்பே குறியற்ற 32 பிட்டாக மாற்றிவிடுங்கள்.

செய்தியின் நீளங்களில் ஆபத்து கழித்தலில் இருக்கிறது. பிஜிபி செய்தியின் தலைப்பகுதி 19 பைட். நீளப் புலம் 16 பிட். எதிர்ப்பக்கம் அனுப்பிய நீளம் 18 என்று இருந்து, நீங்கள் சோதிக்காமல் 19-ஐக் கழித்து அதைக் குறியற்ற அளவாகப் படியெடுக்கும் சார்பிடம் கொடுத்தால், அது கோடானுகோடி பைட்களைப் படிக்க முயலும். "மீதம் கழித்தல் தேவை பூஜ்ஜியத்துக்கு மேலா" என்று எழுதாமல், "தேவை மீதத்தைவிடப் பெரியதா" என்று முதலில் ஒப்பிட்டுவிட்டு, அதன் பின்பு கழியுங்கள். பிஜிபி செய்தியின் உச்ச நீளம் நெடுங்காலம் 4096 ஆக இருந்து, 2019-இல் வந்த நீட்டிப்பால் பெரும்பாலான செய்திகளுக்கு 65535 வரை போக முடிகிறது. 4096-ஐ நம்பி 13 பிட்டிலோ நிலையான இடையகத்திலோ சுருக்கி எழுதிய நிரலுக்கு அது மாறாத உண்மையாக இருக்கவில்லை.

கவுன்ட்டர்களும் கடிகாரமும்

பைட் கவுன்ட்டர்கள் 64 பிட்டாகவே இருக்கட்டும். இதில் சிக்கனத்துக்கு இடமே இல்லை. 32 பிட் பைட் கவுன்ட்டர் முழு வேகத்தில் ஓடும் 10 மெகாபிட் இணைப்பில் 57 நிமிடத்திலும், 1 கிகாபிட்டில் சுமார் 34 நொடியிலும் ஒரு சுற்று முடிக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் கண்காணிப்பு நிரல் இடையில் எட்டுச் சுற்று நடந்ததை அறியவே முடியாது. 64 பிட் கவுன்ட்டர், நொடிக்கு ஒரு டெராபிட் ஓடினாலும் சுற்றி வர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். 32 பிட் செயலியில் 64 பிட் எண்ணை இரண்டு பாதியாகத்தான் படிக்க முடியும் என்பதால், ஒரு பாதியைப் படித்தபின் மறு பாதி மாறிவிடாமல் காக்கும் ஏற்பாடு மட்டும் தேவை.

நேரத்தை மில்லிநொடியில் 32 பிட்டில் வைத்தால் 49.7 நாளில் சுற்றும். நொடியின் நூறில் ஒரு பங்கில் வைத்தால், வலையமைப்புக் கண்காணிப்பு நெறிமுறையான எஸ்என்எம்பியின் இயங்குநேரப் புலம் போல, 497 நாளில் சுற்றும். ரவுட்டர்கள் அதற்கும் மேல் அணைக்கப்படாமல் ஓடுபவை. புதிய நிரலில் ஒருபோதும் பின்னோக்கி நகராத 64 பிட் ஒற்றைப்போக்குக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்க வேண்டிய இடம் எது?

இவ்வளவும் படித்துவிட்டு எல்லாவற்றையும் 64 பிட்டாக்கிவிட்டால் வேறொரு சுமை வந்துசேரும். இன்றைய முழு இணைய அட்டவணையில் ஐபி நான்காம் பதிப்பின் முன்னொட்டுகள் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் உள்ளன. 20 அண்டை ரவுட்டர்களிடமிருந்து முழு அட்டவணையைப் பெறும் ரவுட்டரில் ஏறக்குறைய இரண்டு கோடிப் பதிவுகள் சேரும். ஒரு பதிவில் 8 பைட் குறைத்தால் 16 கோடி பைட் மிச்சம். ஆனால் அண்டை ரவுட்டர் ஒன்றின் நிலையைக் காக்கும் பதிவோ ரவுட்டரில் சில நூறு மட்டுமே இருக்கும். அதில் பிட் எண்ணிப் பார்ப்பது வீண் உழைப்பு. ஆகவே படிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்ட பிறகே சுருக்குங்கள்.

சுருக்கும்போதும் முதலில் உறுப்புகளின் வரிசையைப் பாருங்கள். 1 பைட், 8 பைட், 1 பைட், 4 பைட் என்ற வரிசையில் எழுதிய பதிவு, வழக்கமான 64 பிட் கணினியில் இடைநிரப்பால் 24 பைட் ஆகும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 16 பைட். எந்த எண்ணின் வரம்பையும் தொடாமலே மூன்றில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. அடுத்து, நினைவக முகவரியைத் தாங்கும் 8 பைட் பாயின்டருக்குப் பதிலாக ஓர் அட்டவணையின் 32 பிட் வரிசையெண்ணை வைக்கலாம். பல லட்சம் பாதைகள் சில நூறு அடுத்த ஹாப்களையே (பாக்கெட்டை அடுத்து ஒப்படைக்கும் ரவுட்டர்களையே) பகிர்ந்துகொள்வதால் இது இயல்பாகப் பொருந்தும்.

பாக்கெட்டை முன்னனுப்பும் அட்டவணையில் மட்டும் 16 பிட்டுக்கு உண்மையான மதிப்பு உண்டு. 1998-இல் குப்தா, லின், மெக்கியோன் ஆகியோர் முன்வைத்த 24-8 முறையில், முகவரியின் முதல் 24 பிட்டுக்கு ஒன்றாக 1,67,77,216 பதிவுகள். ஒவ்வொன்றும் 16 பிட் என்பதால் மொத்தம் 32 மெகாபைட். அதில் ஒரு பிட் கொடியாகப் போக, அடுத்த ஹாப்புக்கு 15 பிட், அதாவது 32,768 மதிப்புகள் மிஞ்சும். இதைத் தேர்ந்தெடுத்தால், 32,769-ஆவது அடுத்த ஹாப் கேட்கப்படும்போது நிரல் என்ன செய்யும் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். அந்தப் பாதையை நிறுவ மறுத்துப் பதிவேட்டில் குறிப்பது ஏற்கத்தக்கது. எண்ணை வெட்டி வேறொருவரின் அடுத்த ஹாப்புக்குப் பாக்கெட்டை அனுப்புவது ஒருபோதும் ஏற்கத்தக்கதன்று.

சோதிக்கும் முறை

வகை மாற்றத்தில் மதிப்பு சுருங்கக்கூடிய இடங்களைக் காட்டும் கம்பைலர் எச்சரிக்கையை முதல் நாளிலிருந்தே இயக்கி வையுங்கள். பழைய நிரலில் பின்னர் இயக்கினால் வரும் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகளை யாரும் படிக்கமாட்டார்கள். சோதனைகளை, மொழித்தரம் வரையறுக்காத செயல்களை ஓடும்போதே பிடிக்கும் கருவியோடு ஓட்டுங்கள். மேலே சொன்ன 32 இட நகர்த்தலை அது உடனே காட்டிக்கொடுக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் பூஜ்ஜியம், ஒன்று, வரம்புக்கு ஒன்று குறைவு, வரம்பு, வரம்புக்கு ஒன்று மேல் ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள்: நீளம் 0, 32, 33, ஏஎஸ் எண் 65535, 65536, 4294967295, பாதை நீளம் 255, 256.

சுற்றி வரும் எண்களைச் சோதிக்க லினக்ஸ் கருநிரலின் வழக்கத்தைக் கடன் வாங்குங்கள். அதன் உள் கடிகாரத் துடிப்பு எண்ணி பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை. கணினி இயங்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் 32 பிட் சுற்று நேரும்படி தொடக்க மதிப்பை வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மாதம் கழித்து வாடிக்கையாளரின் அறையில் தெரியவேண்டிய பிழை, எழுதியவரின் மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. உங்கள் வரிசை எண்களையும் கவுன்ட்டர்களையும் சோதனைக் கட்டமைப்பில் அப்படியே விளிம்புக்குச் சற்று முன்பிருந்து தொடங்குங்கள்.